ஈட்டி மேசையில் ஒரு டம்ளர் வட்டம்

கரியப்பன் குடிகாரன் என்று ஓசூர் வட்டாரத்தில் பாதிப் பேர் இன்னமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டுங்கள். கொஞ்சம் உரக்கவே வாசியுங்கள்.

நான் மனு எழுதிப் பிழைப்பவன். ஒரு சர்க்கார் ஆபீசுக்கு எதிரே, புங்கமரத்தடியில், ஒரு சாய்வு மேசை, ஒரு மைக்கூடு, ஒரு முக்காலி. பத்தொன்பது வருஷமாக அதே இடம். ‘தங்கள் பாதம் பணிந்து ஏழையேன் எழுதிக்கொள்வது’ என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது எழுதுவேன். எழுதச் சொல்கிறவனுக்கு வயிறு எரிந்துகொண்டிருக்கும். நான் அந்த எரிச்சலைப் பணிவாக மாற்றி, மடித்து, உள்ளே அனுப்பிவைப்பேன். அந்தப் பணிவெல்லாம் இந்தக் காகிதத்தில் கிடையாது. இது மனு இல்லை.

கரியப்பன் பாலீஷ்காரன். மேசை, நாற்காலி, பீரோ, கட்டில், எதுவானாலும் சரி, கெட்டுப்போன மேல்பூச்சைச் சுரண்டி எடுப்பான். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைப் பழந்துணியில் பொதிந்து அதில் தோய்த்து, நூறு தடவை, இருநூறு தடவை தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்கு மரத்தைக் கொண்டுவந்துவிடுவான். மத்திகிரியில் வெள்ளைக்காரர்களின் குதிரைப் பண்ணை நடந்த காலத்தில் அவன் அப்பா அங்கே புல் சுமந்தவர். சாராயத்தில் ஈரல் வெந்து செத்தார். பிணத்தை எடுப்பதற்கு முன்னால் கரியப்பனின் அம்மா அவன் கையைப் பிடித்து அப்பன் நெஞ்சின்மேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள். அதன்பிறகு அவன் பெங்களூர் கண்டோன்மெண்டில் ஒரு பர்னிச்சர் கடையில் பதினோரு வருஷம் இருந்தான். ஆனேக்கல் பக்கத்து நஞ்சம்மாவைக் கட்டிக்கொண்டு, தொழிலோடு ஊர் திரும்பினான். இத்தனை வருஷத்தில் கள்ளைக்கூட அவன் உதட்டில் வைத்துப் பார்த்ததில்லை.

ஆனால் அவன் மேல் எப்போதும் ஸ்பிரிட் வாடை அடிக்கும். நகக்கண்ணில் அரக்கு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இடம் தேடுவான். அதைப் பார்த்து அவன் சிரிப்பான்.

“என் கைதாங்க குடிக்குது ரைட்டரே. வாய்க்கு ஒண்ணும் கெடையாது.”

எங்கள் பக்கம் மதுவிலக்கு. அத்திப்பள்ளியை எட்டிவிட்டால் மைசூர் ராஜ்ஜியம், வேறு சட்டம். எல்லைக்கு இந்தப் பக்கம் ஸ்பிரிட் ஒரு பாட்டில் கையில் இருந்தாலும் பர்மிட் வேண்டும். ஏனென்றால் அகப்பட்டால் பாலீஷையே குடித்துவிடுகிற ஆட்கள் உண்டு. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிவரை இந்த வேலைக்குப் பர்மிட் வைத்திருந்தவன் கரியப்பன் ஒருவன்தான். வருஷா வருஷம் அந்த இங்கிலீஷ் பாரத்தை நான்தான் நிரப்பிக் கொடுப்பேன். நஞ்சம்மா அதைத் தகரப் பெட்டியில், கல்யாணச் சேலை மடிப்புக்குள் வைத்திருப்பாள். அந்தக் காகிதம் போனால் அவன் தொழில் போயிற்று. பழையபடி எவன் வயலிலாவது எரு சுமக்க வேண்டியதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஐம்பத்தேழாம் வருஷம், தை பிறந்து பத்து நாள் இருக்கும். கெலவரப்பள்ளிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் மணியக்காரர் சென்னகிருஷ்ணன் ஆள் அனுப்பினார். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு வட்ட மேசை. முழுக்க ஈட்டி மரம். ஒற்றைக் காலில் நிற்கும்; அந்தக் கால் கீழே போய் மூன்று சிங்கப் பாதமாக விரியும். குதிரைப் பண்ணைத் துரை ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது ஏலத்தில் எடுத்தது. அப்போதே அதற்கு நூறு வயசு என்பார்கள்.

நூறு வருஷம் துரைமார் வீட்டில் கெடாத மேசையைப் பத்தே வருஷத்தில் மணியக்காரர் வீட்டார் கெடுத்து வைத்திருந்தார்கள். மகாலட்சுமி படத்தை அதன்மேல் வைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் புளித்தண்ணீர் விட்டுக் கழுவி, விளக்கெண்ணெய் தடவி, மஞ்சள் அப்பி, கற்பூரத்தை நேராக மரத்தின்மேலேயே வைத்துக் கொளுத்தியிருக்கிறார்கள். நடுவில் நாலு இடம் கருகிப்போயிருந்தது. சுற்றிலும் பால் செம்பு சூடாக வைத்த வெள்ளை வட்டங்கள். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குகிற மாதிரி மேசையைத் துலக்கியிருந்தார்கள்.

“பக்தி இருக்கட்டும்ங்க. மரத்துக்கு எதுக்குங்க புளி?” என்று என்னிடம் வந்து பொரிந்து தள்ளினான் கரியப்பன்.

மணியக்காரரின் இரண்டாவது பெண்ணுக்குப் பாரூர்ப் பக்கம் ஏரிப் பாசன நிலக்காரர் வீட்டில் சம்பந்தம் பேசியிருந்தார்கள். மாசியில் நிச்சயதார்த்தம். தாம்பூலத் தட்டை அந்த மேசையின்மேல் வைத்து மாற்ற வேண்டும் என்பது மணியக்காரரின் ஆசை. அவர்களுடைய கரும்பும் நெல்லும் இவர் கண்ணைக் கட்டியிருந்தன. இவரும் எதையாவது காட்ட வேண்டுமே.

அந்த வீட்டு வாசலைக் கரியப்பனின் ஜனங்கள் யாரும் தாண்டியது கிடையாது. மேசையை வண்டிக் கொட்டகைக்குத் தூக்கிப் போய் வேலை செய்யச் சொன்னார்கள். வைக்கோல் தூசு பறக்கிற இடத்தில் பாலீஷ் போட்டால் மரம் சொரசொரவென்று ஆகிவிடும், கதவு ஜன்னல் மூடின இடம் வேண்டும் என்று இவன் சொல்லிவிட்டான். வேறு வழியில்லாமல் கூடத்துக்குள் விட்டார்கள்.

விட்டதற்கு ஒரு பரிகாரமும் செய்தார்கள். சாயங்காலம் இவன் கிளம்பினதும் மணியக்காரர் சம்சாரம் வெள்ளையம்மா ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவாள். இவன் நடந்த இடம், உட்கார்ந்த இடம், கடைசியில் மேசை, எல்லாவற்றின்மேலும் தெளிப்பாள். காயாத பாலீஷ்மேல் தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? அரக்கு வெளுத்துப்போகும். காலையில் இவன் வந்து பார்த்தால், முந்தின நாள் கண்ணாடி மாதிரி விட்டுப்போன மரத்தில் அம்மைத் தழும்பு போல வெள்ளைப் புள்ளிகள். ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொரு புள்ளியாக எடுத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தேய்க்க வேண்டும்.

மூன்று நாள் பொறுத்தான். நாலாம் நாள் வெள்ளையம்மாவிடமே கேட்டுவிட்டான்.

“அம்மா, தண்ணி தெளிக்கணும்னா தரையில தெளிச்சிக்குங்க. மேசை மேல வேணாம்ங்க. வேலை கெட்டுப்போவுது.”

“எங்கூட்டுல எங்க தெளிக்கணும்னு நீ சொல்றியா?” என்றாள் அவள்.

அன்றைக்கும் தெளித்தாள். இதை அவன் என்னிடம் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அவன் செய்கிற மேசை வேண்டும், அவன் தொட்ட மேசை வேண்டாம் என்றால் இது என்ன நியாயம்? நான் எழுதிய ஆயிரம் மனுவில் ஒன்றில்கூட இந்தக் கேள்வியை எழுதியதில்லை. எழுதினாலும் வாங்கிக்கொள்ளும் ஆபீஸ் எது என்று எனக்குத் தெரியாது.

அதே கூடத்தில், மேசைக்கு நாலு முழத் தூரத்தில், ஒரு கட்டில். அதில் மணியக்காரரின் மூத்த மாப்பிள்ளை கோவிந்தப்பன் கால் உடைந்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டியபடி கிடந்தான். மாடு முட்டித் தள்ளிவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள். எந்த மாடு என்று ஊருக்கே தெரியும். வாரம் தவறாமல் சைக்கிளில் எல்லை தாண்டிப் போய்வருகிறவன்; திரும்பி வரும்போது சாக்கடைக்குள் சைக்கிளோடு விழுந்தான். இப்போது கால் உடைந்து ஒரு மாசமாக நாக்கு வறண்டு கிடந்தான். மருமகன் குடிப்பது மேலதிகாரிகள் காதுக்கு எட்டினால் மணியக்காரர் உத்தியோகத்துக்கே ஆபத்து. ஊரில் சாராயம் காய்ச்சுகிறவனைப் பிடித்துக் கொடுக்க வேண்டிய பொறுப்பு அவருடையதாயிற்றே.

அந்தக் கூடத்து மாடப்புரையில்தான் கரியப்பன் தன் பாட்டில்களைத் தினமும் வைத்துவிட்டுப் போவான். சுத்த ஸ்பிரிட் ஒன்று, அரக்கு கரைத்த பாலீஷ் ஒன்று. வீட்டுக்காரர் பொறுப்பில் இருக்கட்டும், காலில் கட்டுப் போட்டவன் எழுந்து வரவா போகிறான் என்று நினைத்தான்.

ஆறாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஸ்பிரிட் பாட்டில் காலி. பாலீஷ் பாட்டிலிலும் பாதி இல்லை. கோவிந்தப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு ஓங்கரித்துக்கொண்டிருந்தான். பித்தம் என்றாள் வெள்ளையம்மா. சுவரைப் பிடித்து நொண்டிப் போய் எடுத்தவன், பாலீஷையும் குடிப்பதற்காக உப்பையும் துண்டையும் வைத்துக்கொண்டு என்ன வித்தை செய்தான் என்பது எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். படித்துவிட்டு எவனாவது செய்து பார்த்துக் கண்ணை இழப்பான்.

கரியப்பன் மேசையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலிப் பாட்டிலோடு நேராக என்னிடம் ஓடிவந்தான்.

“ரைட்டரே, ஸ்பிரிட் போச்சுங்க. இன்னா பண்றதுங்க இப்ப?”

பர்மிட்டில் ஒரு ஷரத்து உண்டு. சரக்கு காணாமல் போனால் உடனே மதுவிலக்கு இன்ஸ்பெக்டருக்குத் தெரியப்படுத்த வேண்டும். தெரியப்படுத்து என்று சொன்னவன் நான். ‘நேர்மையாளனுக்குப் பயமில்லை’ என்று வீராப்பாக அறிவுரை வேறு. அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்து, அவன் கைநாட்டையும் வாங்கி, நானே கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அத்தனை வருஷம் மனு எழுதியவனுக்கு உலகம் தெரிந்திருக்க வேண்டாமா? அன்று நான் செய்த முட்டாள்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இன்ஸ்பெக்டர் மறுநாள் கரியப்பனையும் கூட்டிக்கொண்டு மணியக்காரர் வீட்டுக்குப் போய் விசாரித்தார். மணியக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

“அவனே குடிச்சிருப்பான். சாயங்காலமானா தள்ளாடிக்கினுதான் போவான். பாவம், தொழில்காரனாச்சேன்னு நான்தான் சொல்லாம இருந்தேன்.”

காலையிலிருந்து முழங்கால் மடக்கி உட்கார்ந்து தேய்த்தவன் எழுந்து நடந்தால் தள்ளாடாமல் என்ன செய்வான்? இன்ஸ்பெக்டர் கரியப்பனைக் கிட்டக் கூப்பிட்டு அவன் கையை மோந்து பார்த்தார். வாயை மோந்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். கையை மோந்தார். தலையை ஆட்டினார். கொடுத்தது கிராம அதிகாரி வாக்குமூலம். அவருக்கு அது போதும். பர்மிட்டைப் பிடுங்கிக்கொண்டு, பதினைந்து நாளில் முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நஞ்சம்மா புங்கமரத்தடிக்கு வந்து நின்றாள். அழவில்லை.

“நீங்க சொன்னீங்கன்னுதான அவரு போய் எழுதிக் குடுத்தாரு?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

நாலு நாள் கழித்து, சாமான்களை எடுத்துவரக் கரியப்பன் மணியக்காரர் வீட்டுக்குப் போனான். உப்புத்தாள், சுரண்டுகிற தகடு, துணி மூட்டை எல்லாம் அங்கேயே கிடந்தன. தனியாகப் போனால் இன்னும் எதையாவது சுமத்துவார்கள் என்று நானும் கூடப் போனேன். மணியக்காரர் வெளியே போயிருந்தார். ஜன்னலைத் திறந்ததும் வெளிச்சம் மேசைமேல் விழுந்தது. கரியப்பன் குனிந்தான். மேசையை ஒரு சுற்று வந்தான். பிறகு என்னைக் கூப்பிட்டான்.

“இத பாருங்க. இதெல்லாம் வெள்ளைப் புள்ளி. அந்தம்மா தெளிச்ச தண்ணி. இது சூட்டு வட்டம், பழசு, இதுவும் வெள்ளை. தண்ணியும் சூடும் அரக்க வெளுக்கும், திங்காது. இத பாருங்க.”

கட்டில் பக்கத்து ஓரத்தில் ஒரு வட்டம். வெள்ளை இல்லை. பூச்சு உருகி, குழைந்து, ஒரு டம்ளரின் அடிப்பாகம் அப்படியே பதிந்து, இறுகிப்போயிருந்தது. அரக்கைக் கரைக்கக்கூடியது ஸ்பிரிட் ஒன்றுதான். ஸ்பிரிட் வழிந்த டம்ளரை அங்கே வைத்திருக்கிறார்கள். டம்ளர் ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்திருக்கிறது. அப்புறம் பிடுங்கி எடுத்திருக்கிறார்கள்.

“நடுவுல புள்ளி புள்ளியா ஏதோ கீது. எழுத்துங்களா?” என்றான். அவனுக்குப் படிக்கத் தெரியாது.

குனிந்து பார்த்தேன். எழுத்துத்தான். கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பிக் கிடந்தது. ‘கோ’.

அந்த வீட்டில் ஆளுக்கு ஒரு டம்ளர். பாத்திரத்தில் பேர் வெட்டுவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். மாப்பிள்ளைக்குச் சீர் கொடுத்த பித்தளை டம்ளரின் விளிம்பில் வெட்டினால் உதட்டைக் கீறும் என்று மணியக்காரர்தான் அடியில் வெட்டச் சொன்னாராம். அவ்வளவு அக்கறை! கட்டிலுக்கு அடியில் அந்த டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. கோவிந்தப்பன் எங்களைப் பார்த்தான், டம்ளரைப் பார்த்தான், போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டான்.

அந்த நேரம் மணியக்காரர் வந்துவிட்டார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மேசைக்கு வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியும். நாங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டைவிரலால் வட்டத்தைத் தேய்த்துப் பார்த்தார். பேசியபோது குரல் தேன் மாதிரி இருந்தது.

“கரியப்பா, நடந்தது நடந்துபோச்சு. இதைத் தேய்ச்சு எடுத்துடு. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனைத் திருடனாக்கியாகிவிட்டது, குடிகாரனாக்கியாகிவிட்டது. அவன் யோக்கியன் என்பதற்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி அந்த வட்டம். அதை அவனே தன் கையால் அழிக்க வேண்டுமாம்! நான் வாயைத் திறப்பதற்குள் கரியப்பன் கைகட்டிக்கொண்டு பேசினான்.

“எடுத்துடலாம் சாமி. ஒரு தொடை தொடைச்சா போதும். ஆனா ஸ்பிரிட் வேணும்ங்களே.”

“வாங்கிக்கோ.”

“பர்மிட் இல்லீங்களே சாமி. பர்மிட் இல்லாம நான் ஸ்பிரிட்டத் தொட்டா குத்தம்ங்க.”

மணியக்காரர் பெங்களூரிலிருந்து வேறு ஆளைக் கூட்டி வருகிறேன் என்றார். கூட்டி வரலாம், ஆனால் எல்லைச் சாவடியில் பாட்டிலோடு பிடித்துக்கொள்வார்கள், யார் வீட்டு மேசைக்கு என்று கேட்பார்கள் என்று நான் எடுத்துச் சொன்னேன். சொல்லும்போது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது. நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. மேசையில் பாதி சுரண்டியபடி, பாதி புள்ளியாக, ஓரத்தில் மாப்பிள்ளை பேரோடு நின்றது.

மணியக்காரர் வேறு வழியில்லாமல் இன்ஸ்பெக்டரிடம் போனார். தன் கைப்படவே எழுதிக் கொடுத்தார். என்ன எழுதினார் தெரியுமா? பூனை தட்டிவிட்டுப் பாட்டில் கொட்டிவிட்டதாம். முன்னால் சரியாக விசாரிக்காமல் சொல்லிவிட்டாராம். கரியப்பன் குடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. ‘என் மருமகன் குடித்தான்’ என்று எழுதுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லைதான். இருந்தாலும் பூனையா! அந்த வீட்டில் பூனையே கிடையாது. இன்ஸ்பெக்டரும் பூனையின் தலையில் கட்டிவிட்டுப் பர்மிட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

பர்மிட் வந்ததும் கரியப்பனுக்கு எல்லாம் ஆறிவிட்டது. அவன் சுபாவம் அப்படி.

“போவட்டும் உடுங்க ரைட்டரே. காயிதம் வந்துடுச்சு. வட்டத்த எடுத்துட்டு வேலைய முடிச்சிடறேன். மரத்துல கறைய வச்சிக்கினு என்னால தூங்க முடியாதுங்க.”

எனக்குத்தான் ஆறவில்லை. கோபத்தில் அவனைக்கூடத் திட்டினேன்.

அடுத்து நடந்தபோது நான் அங்கே இல்லை. நஞ்சம்மா இருந்தாள். இன்னொரு தடவை பாட்டில் தனியாக இருக்கக்கூடாது என்று அவள் தினமும் கூடவே போய், பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டிலைக் கூடவே கொண்டுபோய்க் கூடவே திருப்பிக் கொண்டுவந்தாள். மஞ்சள் தண்ணீரும் நின்றுபோயிருந்தது. மணியக்காரர் சொல்லியிருப்பார்.

மேசை முழுக்க முடிந்து அந்த ஓரம் மட்டும் பாக்கி. அன்று மணியக்காரர் வீட்டில் பந்தல்கால் நட வந்த ஆட்கள், உறவுக்காரர்கள் என்று பத்துப் பேர் கூடத்தில் நின்று வேலையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஆகா என்றார்கள். மணியக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. கரியப்பனின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, பெரிய மனுஷன் தோரணையில் சொன்னார்.

“நல்ல தொழில்காரன்தான். நானும் உம்பேர்ல ஒண்ணும் மனசுல வச்சிக்கல கரியப்பா. இனிமேலாவது குடிக்காத. பொண்டாட்டியப் பாத்து நடந்துக்கோ.”

பத்துப் பேரும் கரியப்பனைப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். கட்டிலில் கிடந்த கோவிந்தப்பனும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

கரியப்பன் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது என்றாள் நஞ்சம்மா. வட்டத்தைத் துடைக்க ஸ்பிரிட் கேட்டுக் கையைப் பின்னால் நீட்டினான். அவள் மடியில் இரண்டு பாட்டிலும் இருந்தன. அவள் ஸ்பிரிட்டைக் கொடுக்கவில்லை. பாலீஷ் பாட்டிலை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். அவன் பாட்டிலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“ஹாக்ரி” என்றாள் அவள் கன்னடத்தில். பூசுங்கள் என்று அர்த்தம்.

அவன் பூசினான். வட்டம் பத்து நாளில் கல்லாக இறுகியிருந்தது. அது கலையாதபடி, பஞ்சை அழுத்தாமல், தொட்டும் தொடாமலும் மேலே ஒரு பூச்சு. அது காய்ந்ததும் இன்னொன்று. மறுநாள் எட்டு. அதற்கு மறுநாள் எட்டு. அவன் பதினோரு வருஷம் கண்டோன்மெண்டில் கற்ற நயமெல்லாம் அந்த ஓரத்தில்தான் போயிற்று. உயர்ந்த இடமும் தாழ்ந்த இடமும் சமமாகி, கையால் தடவினால் ஒன்றும் தெரியாது. ஜன்னல் மூடியிருக்கும்வரை கண்ணுக்கும் தெரியாது. மணியக்காரர் தடவிப் பார்த்துத் திருப்தியாகிவிட்டார். கூலியைக் கொடுத்து அனுப்பினார்.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் எல்லா ஜன்னலையும் திறந்தார்கள். கிழக்கு வெயில் மேசைமேல் விழுந்தது. அந்த மாதிரி மேசையை இந்தப் பக்கத்தில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். மரத்தின் ரேகை ஒவ்வொன்றும் உயிரோடு தெரிந்தது. ஓரத்தில், தெளிந்த கிணற்றுத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிற காசு மாதிரி, ஒரு டம்ளர் வட்டமும் அதன் நடுவில் ‘கோ’வும் அவ்வளவு சுத்தமாகத் தெரிந்தன. பாரூர்க்காரர்களின் வண்டி ஊர் எல்லையில் வந்துகொண்டிருந்தது. வெள்ளையம்மா ஓடிப்போய்ப் பீரோவிலிருந்து ஒரு ஜமுக்காளத்தை எடுத்து மேசையின்மேல் போட்டாள். துரை வீட்டு ஈட்டி மேசை, அவ்வளவு ஆசைப்பட்ட மேசை, ஜமுக்காளத்துக்கு அடியில் இருந்தபடியே தாம்பூலம் வாங்கிக்கொண்டது.

இதற்குக் கரியப்பன் விலை கொடுக்காமல் இல்லை. அந்த ஊரிலும் சுற்றியுள்ள நாலு ஊரிலும் அவனைப் பிறகு யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. மணியக்காரர் வயலில் களையெடுக்கப் போய்க்கொண்டிருந்த நஞ்சம்மாவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். குடிகாரன் என்ற பேச்சும் நிற்கவில்லை. ஆனால் பர்மிட் இருந்தது. அவன் கிருஷ்ணகிரிப் பக்கம் போய்ப் பங்களாக்களில் வேலை பார்த்தான்.

“வேலைய நீயே கெடுத்துட்டியேன்னு மனசு உறுத்தலையா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“உறுத்துதுங்க,” என்றான். “ஆனா வேலை கெடலீங்க. ரொம்ப நல்லா வந்திருக்குது.”

அந்த வருஷம் ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலை நேரம். மணியக்காரர் சென்னகிருஷ்ணன் புங்கமரத்தடிக்கு வந்தார். அவர் தமிழில் எழுதக்கூடியவர். என்னிடம் வர வேண்டிய அவசியமே இல்லை. கையில் இருந்தது இங்கிலீஷ் பாரம். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். அடுத்த மாசம் கல்யாணமாம். சம்பந்தி வீட்டார் வந்து நாலு நாள் தங்குவார்களாம். ஜமுக்காளத்தை நாலு நாளும் பிடித்துக்கொண்டு நிற்க முடியாதே. பெங்களூர் ஆள் ஒருவன் வரச் சம்மதித்திருக்கிறானாம். வீட்டு உபயோகத்துக்கு இரண்டு பாட்டில் ஸ்பிரிட்டுக்குப் பர்மிட் வேண்டுமாம்.

பாரத்தை வாங்கினேன். வரிசையாகக் கேட்டு நிரப்பினேன். பேர். தகப்பனார் பேர். கிராமம். உத்தியோகம். எல்லாம் சொன்னார். ஆறாவது கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மையில் தோய்த்து எடுத்து, அவர் முகத்தைப் பார்த்தேன்.

“ஸ்பிரிட் எதற்காகத் தேவைன்னு கேட்டிருக்கு. மேசையில இருக்கற கறையை எடுக்கன்னு போடலாம். என்ன கறை, எப்படி வந்ததுன்னு விவரமும் போடணும். இல்லேன்னா இன்ஸ்பெக்டர் நேரா வீட்டுக்கு வந்து பாத்துட்டுத்தான் கொடுப்பார். எப்படி எழுதட்டும்?”

மணியக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதிரே ஆபீஸ் வாசலில் ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். பேனா முனையிலிருந்து ஒரு சொட்டு மை மேசைமேல் விழுந்தது. நான் துடைக்கவில்லை.

“பூனைன்னு எழுதட்டுங்களா?” என்று கேட்டேன்.

அவர் என் கையிலிருந்து பாரத்தை வாங்கி, நாலாக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். கல்யாணம் நடந்தது. நானும் போயிருந்தேன். மேசைமேல் ஜமுக்காளம் போட்டிருந்தது.